டிசம்பரிலேயே சொல்லிவிடுங்கள், டீச்சர்

கடலூர் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன நெட் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வெயில் ஏறினால் படுத்துக்கொள்ளும் ஒரு பிரிண்டர். உங்கள் பிள்ளைகளில் பலர் என் கடைக்கு வந்துதான் அப்ளிகேஷன் போடுகிறார்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் எப்படி நடத்துவது என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் வகுப்பை விட்டு வெளியே வரும் பிள்ளை முதலில் வந்து உட்காரும் நாற்காலி என் கடையில் கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு விஷயம், உங்கள் பக்கத்திலிருந்து தெரியாமல் போகலாம்.

2025 மே 8, பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். கடையில் நிற்க இடமில்லை. மார்க்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு பெண் மட்டும் அப்பாவோடு காத்திருந்தாள். நல்ல மார்க். இயற்பியலில் நூற்றுக்கு இரண்டுதான் குறைவு. "அண்ணா, காலாப்பட்டு யுனிவர்சிட்டில அஞ்சு வருஷ பிசிக்ஸ் இருக்காமே, அதுக்குப் போடணும்" என்றாள். முந்தின நாள்தான் அத்தை மகன் சொன்னானாம்.

காலாப்பட்டில் இருப்பது புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். அந்தப் படிப்புக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை மார்ச் 1-ஆம் தேதி திறந்தார்கள். 22-ஆம் தேதி கடைசி நாள் என்று சொல்லி, இரண்டொரு நாள் நீட்டித்து, மூடியும் விட்டார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்குத் தேர்வு தொடங்கவே ஐந்து நாள்தான் பாக்கி. இதையெல்லாம் நான் சொன்னதும் அவள் கேட்டாள்: "ரிசல்ட்டே இன்னைக்குத்தானே வந்துச்சு? அதுக்குள்ள எப்படிண்ணா மூடுவாங்க?" அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர். "லேட் ஃபீஸ் ஏதாச்சும் கட்டிப் போட முடியுமா தம்பி?" என்றார்.

முடியாது. அந்த இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய?

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நம் ஊர்ப் பழக்கமே அதுதான். ரிசல்ட் வரும், கட் ஆஃப் போடுவோம், அப்புறம் இன்ஜினியரிங் கவுன்சிலிங், அரசுக் கலைக் கல்லூரி, சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மே மாதம்தான் நமக்கு அப்ளிகேஷன் மாதம். மத்தியப் பல்கலைக்கழகத்தின் காலண்டர் வேறு. 2025-இல் தமிழ்நாட்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-இல் தொடங்கி 25-இல் முடிந்தது. க்யூட் தேதியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண் தமிழ்த் தாள் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பு கதவு திறந்தது, கடைசித் தாள் எழுதுவதற்குள் சாத்தப்பட்டது. பரீட்சை நேரத்தில் போனைத் தொடாதே என்று வீட்டில் பிடுங்கி வைத்திருப்பார்கள். எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

அவள் படித்தது எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. சொல்லியும் பயனில்லை. அந்த வாரத்தில் மட்டும் இதே கேள்வியோடு வந்தவர்கள் ஒரு பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்ல.

நான் யாருக்காகவும் வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தோடு எனக்கிருக்கும் உறவு ஒன்றே ஒன்று: அங்கே படித்தேன். தேவனாம்பட்டினத்துப் பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிற நேரம். எங்கள் வாத்தியார் ஒருவர் ஆங்கிலப் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைக் கிழித்து எடுத்துவந்து, வகுப்பு முடிந்ததும் என் நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார். "இதுக்குப் போடுடா" என்று மட்டும் சொன்னார். அப்போது அந்தப் பல்கலைக்கழகமே தனியாக நுழைவுத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தது. டிடி எடுத்து, தபாலில் அனுப்பி, தேர்வு எழுதி, 2001-இல் எம்.எஸ்சி. சேர்ந்தேன். என் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் நோட்டில் அந்தத் துண்டுப் பேப்பர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று சிலராவது கேட்பீர்கள். கடலூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பதே பலருக்குப் பாண்டி பக்கம் போகும்போது பஸ் ஜன்னலில் தெரிகிற ஒரு பெரிய வளைவு மட்டும்தான். 1985-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு உண்டாக்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கடல் காற்று அடிக்கிற தூரத்தில், ஏறக்குறைய எண்ணூறு ஏக்கர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் மட்டுமல்ல, அந்தமானும் லட்சத்தீவும்கூட அதன் எல்லைக்குள் வருகின்றன. காரைக்காலிலும் போர்ட் பிளேயரிலும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தனி வளாகங்கள் உண்டு. முத்திரையில் பிரெஞ்சு வாசகம்: 'வேர் லா லுமியேர்', ஒளியை நோக்கி. தமிழ்ப் புலத்துக்குப் பாரதியார் பெயர், கணிதப் புலத்துக்கு ராமானுஜன் பெயர். நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு, இருபத்தைந்து வருடம் தமிழில் நாட்குறிப்பு எழுதிய மனிதர்.

அந்த நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை எனக்குத் தெரிந்த நூலகங்களில், புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், உள்ளேயிருந்து ஒருவர் "இல்லை" என்று சொல்லுவார். இங்கே நானே உள்ளே போய், அலமாரிக்கு அலமாரி நடந்து, எடுத்துப் பார்த்து, திருப்பி வைக்கலாம். முதல் வாரம் பயந்துகொண்டே திரிந்தேன், யாராவது வந்து கேட்பார்களோ என்று. ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கணக்கை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தது அங்கேதான். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று இன்றைக்கு யாராவது கேட்டால், எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வரும். உங்களுக்குப் பாடம் எடுக்கிறவரே பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.

நம் மாவட்டத்துக்கு அது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக் காற்றை முகர்ந்தே பள்ளிக்கு நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலாப்பட்டில் புவி அறிவியல் துறை இருக்கிறது, சூழலியல் துறை இருக்கிறது. போர்ட் பிளேயர் வளாகத்தில் கடலோரப் பேரிடர் மேலாண்மைக்கென்றே ஒரு துறை இருக்கிறது. புயலைப் பாடமாகப் படிக்கலாம் என்பதே தாழங்குடாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"எம்.எஸ்சி.க்கு மேல படிச்சா வீட்டுக்கு யாரு சம்பாதிப்பா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். அவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தால், வேறு உதவித்தொகை இல்லாதவர்களுக்கும் மாதம் 8,000 ரூபாய் உண்டு. நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. படிக்கிறதுக்குச் சம்பளமா என்று ஒரு அம்மா என்னிடம் சிரித்தார். ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான்.

காலாப்பட்டு டீக்கடையில் போய் நின்றால் தமிழுக்குச் சமமாக மலையாளம் கேட்கும். என் காலத்திலேயே அப்படித்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் ரூம்மேட் பாலக்காட்டுக்காரன், இன்றைக்கும் வருடா வருடம் நேந்திரம் சிப்ஸ் அனுப்புகிறான். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதே கேட்டேன். "ஸ்கூல்ல சாரு சொன்னாரு" என்றான். பாலக்காட்டில் ஒரு சார் சொல்லியிருக்கிறார். கடலூர்ப் பிள்ளைக்கு அத்தை மகன் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது, அதுவும் மே மாதத்தில்.

இடஒதுக்கீட்டுக் கணக்கையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சில படிப்புகளில் புதுச்சேரி மாநிலத்தவருக்கு 25 விழுக்காடு இடம் உண்டு. எல்லாப் படிப்புக்கும் அதை விரிக்க வேண்டும் என்று அங்குள்ள மாணவர் அமைப்புகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நமக்கு அது கிடையாது. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்ப் பிள்ளைக்கு உண்டு, நம் பக்கத்து ரெட்டிச்சாவடிப் பிள்ளைக்கு இல்லை. இரண்டு ஊரும் ஒரே வெயில், ஒரே கரும்பு. கடலூரிலிருந்து கிளம்பும் பிள்ளை முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைந்து, கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து, காலாப்பட்டில் திரும்பப் புதுச்சேரிக்குள் போக வேண்டும். பஸ்ஸில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அப்ளிகேஷனில் மட்டும் எல்லாம் தெரியும்.

பாடப் புத்தகத்திலும் அந்தக் கோடு இப்போது விழுந்துவிட்டது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. க்யூட்டில் பாடத் தாள்களுக்கு என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம்தான் அடிப்படை. பாகூரில் வகுப்பில் படிக்கிற புத்தகமே பரீட்சைக்கும் ஆகும். இந்தப் பக்கத்தில் நம் சமச்சீர்ப் புத்தகம். நம் புத்தகம் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன், அறிவியல் பாடங்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாட வரிசை வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. 2025-இல் ஒரு தாளுக்கு 60 நிமிடம், 50 கேள்வி, சாய்ஸ் கிடையாது. சரியான விடைக்கு ஐந்து மார்க், தப்பானால் ஒன்று போய்விடும். விடாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டு வா என்றுதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். தெரியாததை விட்டுவிட்டு வா என்று யாராவது ஒருவர் ஒரு நாளாவது சொல்ல வேண்டாமா? கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமலேயே பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு.

இப்போது என் துறைக்கு வருகிறேன். சர்டிபிகேட்.

நம் மாநிலத்தில் பிசி, எம்பிசி, எஸ்சி என்று ஒரு கம்யூனிட்டி சர்டிபிகேட் வாங்கி வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அதுவே போதும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிசி, எம்பிசி என்ற பேச்சே இல்லை. ஓபிசி 27, எஸ்சி 15, எஸ்டி 7.5, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10, அவ்வளவுதான். நம் 69 விழுக்காடும் அங்கே செல்லாது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5-ம் அங்கே கிடையாது. ஓபிசி என்று கேட்க வேண்டுமானால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று தாசில்தார் தருகிற தனிச் சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பில் உள்ளதாக. இ-சேவையில் போட்டு, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்ந்து வருவதற்கு எத்தனை நாளாகும் என்பது உங்களுக்கே தெரியும். எம்பிசி சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொதுப்பிரிவில் விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கிரீமி லேயருக்கு எட்டு லட்சம் வருமான வரம்பு என்றதும் நெய்வேலியில் வேலை பார்க்கிற அப்பாக்கள், பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் "நமக்குக் கிடைக்காது" என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எட்டு லட்சக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அப்பா அம்மாவின் பதவி என்ன, நிலம் எவ்வளவு என்று பார்ப்பதற்குத் தனி விதி இருக்கிறது. விண்ணப்பித்துப் பார்க்கட்டும், இல்லையென்று தாலுகா ஆபீஸ் சொல்லட்டும்.

பெயர்ப் பிரச்சினை அடுத்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. தேர்வு நடத்தும் என்டிஏ-வின் கம்ப்யூட்டருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. கடைசி நாளில் சர்வர் தொங்கும்போது ஆதாரைத் திருத்த முடியாது. நவம்பரில் ஒரு நாள், இரண்டையும் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும், பாதித் தலைவலி தீரும்.

இந்த இடத்தில் என் பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் மெயில் ஐடி இருக்காது. அவசரத்துக்கு எங்கள் கடை ஐடியையே போட்டு, ஓடிபி-க்கு எங்கள் நம்பரையே கொடுத்துவிடுவோம். நாங்கள் மட்டுமல்ல, ஊரில் முக்கால்வாசி சென்டர்களில் நடப்பது இதுதான். இரண்டு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க அந்தப் பிள்ளை வேறு கடைக்குப் போய் உட்கார்ந்தால் உள்ளே நுழைய முடியாது. ஒரு பையனின் ஹால் டிக்கெட் மெயில் என் கடை ஐடியில் நூறு விளம்பர மெயிலுக்கு நடுவே கிடந்தது. அவன் பரீட்சை முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் நான் பார்த்தேன். அன்றிலிருந்து சொந்த மெயில் ஐடி இல்லாமல் யாருக்கும் ஃபார்ம் தொடுவதில்லை. உங்கள் ஹைடெக் லேப்பில் ஒரு பீரியடில் எல்லாருக்கும் மெயில் ஐடி போட்டு, பாஸ்வேர்டை அவரவர் நோட்டில் எழுதச் சொல்லிவிடலாம்.

அப்புறம் இரண்டு பொறிகள். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள்கள் எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருக்கும். அதைப் பார்க்காமல் தாளைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு மார்க் வாங்கினாலும் பயனில்லை. அடுத்தது, க்யூட் எழுதிவிட்டால் தானாகச் சீட்டு வந்துவிடும் என்று நினைப்பது. மார்க் வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பரீட்சை நன்றாக எழுதிவிட்டு, இதைச் செய்யாமல் ஆகஸ்டில் வந்து "இன்னும் லெட்டர் வரலியேண்ணா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

செலவைக் கேட்டால், 2025-இல் மூன்று தாள் வரைக்கும் பொதுப்பிரிவுக்கு 1,000 ரூபாய், ஓபிசி-க்கு 900, எஸ்சி எஸ்டி-க்கு 800. சிலர் வீட்டில் இது யோசிக்க வேண்டிய பணம்தான். அதனால்தான் முன்கூட்டித் தெரிய வேண்டும் என்கிறேன்.

இந்தத் தேர்வே வேண்டாம் என்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் இதற்கு எதிராகத் தீர்மானமே போட்டது. பன்னிரண்டு வருடம் படித்து வாங்கிய மார்க்குக்கு மதிப்பில்லாமல் ஒரு மணி நேரத் தேர்வை வைத்துப் பிள்ளையை அளப்பது சரியில்லை என்பதுதான் என் கருத்தும். அதற்காகக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் போடுவேன். ஆனால் தீர்மானம் போட்டோம் என்பதற்காக டெல்லியில் தேதியை நிறுத்தி வைக்கவில்லை. எதிர்ப்பு ஒரு பக்கம் நடக்கட்டும், அதுவரை நம் பிள்ளைகள் அப்ளிகேஷன் போடாமல் இருந்தால் அந்த நாற்காலியில் வேறு ஊர்ப் பிள்ளை உட்காரும்.

நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று அரசு நடத்துகிற நிகழ்ச்சிகளும் எனக்குத் தெரியும். கல்லூரிக் கனவுக்கு என் அக்கா மகளையே அழைத்துப் போயிருக்கிறேன், நன்றாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அது ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் நடக்கிறது. இந்த ஒரு கதவுக்கு மட்டும் மே மாதம் ரொம்பத் தாமதம். விண்ணப்பம் திறக்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024-இல் பிப்ரவரி கடைசி, 2025-இல் மார்ச் 1. அதனால்தான் டிசம்பர் என்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடுகிற அன்று, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, பத்து நிமிடம். போர்டில் தேர்வின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதிவிட்டு, "லீவுல தாலுகா ஆபீஸ் போய் ஓபிசி சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுங்க" என்று சொன்னால் போதும்.

அதற்கும் நேரமில்லை, அல்லது இந்த விவரமெல்லாம் எங்களுக்கே புதுசு என்றால், நான் வருகிறேன். டிசம்பர், ஜனவரியில் எந்தச் சனிக்கிழமையானாலும் சரி. கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். புரொஜெக்டர் வேண்டாம், கரும்பலகை போதும். பணம் எதுவும் வேண்டாம். முதுநகர், நெல்லிக்குப்பம், ரெட்டிச்சாவடி வரைக்கும் என் வண்டியிலேயே வருவேன். குறிஞ்சிப்பாடி தாண்டினால் பஸ் நேரம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண் இப்போது வேறொரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். போன மாதம் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது, முதுகலைக்கான க்யூட் எப்போது என்று கேட்டாள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்றேன். "பரவால்லண்ணா, இப்பவே சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தாள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்து நெட் சென்டர்காரன்